அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்க அழுதா போதுமா?

"அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்க அழுதுக்கட்டும்மா, ஊரான் வீட்டு எழவுக்கு நாம எதுக்கு மாரடிக்கணும்?" மியன்மார்ல நடந்த ஒரு படுகொலையப் பத்திப் பேசும்போது லோரிக்கார மாமா இத சொல்லி பல வாரம் ஆச்சு, எனக்கு இன்னும் செமிக்கல. சொந்த மாமா இல்ல, அப்பாவோட சின்ன வயசு கூட்டாளி, செம்பனை (பாமாயில் மரம்) குலை ஏத்துற லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவரு, காலையில பசியாறிட்டு நேரா எங்க சாமான் கடைக்கு வந்து அரிசி மூட்டை மேல உக்காந்து பேப்பர் படிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. கெட்ட மனுஷன் கிடையாது. எங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரியெல்லாம் பக்கத்துல கிடந்தது இவருதான், எஸ்டேட் மூடுனப்போ லயத்துல போக்கிடமில்லாம நின்ன கிழவிங்களுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய் குடுத்ததும் இவருதான். அப்படிப்பட்டவரு வாயிலருந்து வந்ததாலதான் இந்த வார்த்தை என்னைய இப்படி குடையுது. வேற யாராவது சொல்லியிருந்தா காதுல வாங்காம போயிருப்பேன்.

மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துல கெர்லிங் பக்கம் வந்தவங்களுக்கு எங்க ஊர் தெரியும், பெரிய ரோட்டோரமா ஒரு கடைவரிசை, அத தாண்டுனா செம்பனை. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ பாதி கித்தாக்காடு, ரப்பர் தோட்டம். நம்ம ஆளுங்க பிள்ளைங்க ரவாங், கேஎல், சிங்கப்பூர்னு போயிட்டாங்க, காட்டு வேலைக்கு இப்ப வர்றவங்க எல்லாம் வெளிநாட்டுக்காரங்க. அதுல மியன்மார்லருந்து தப்பி வந்த ஒரு ரோஹிங்யா முஸ்லீம் குடும்பம் எங்க கடையில கணக்கு வச்சிருக்கு. அந்தக் குடும்பத் தலைவருக்குன்னு தனியா ஒரு 555 புக், கடன் எழுதுற சின்ன நோட்டு, அட்டையில பேருக்குப் பதிலா ஒரு மீன் வரைஞ்சு வச்சிருக்கேன், அவருக்கு எழுதப் படிக்க வராது, அந்த மீன பார்த்துத்தான் கட்டுலருந்து தன் புக்க உருவி என்கிட்ட நீட்டுவாரு. புல்லு வெட்டுறது, உதிர்ந்து கிடக்குற செம்பனைப் பழத்த பொறுக்கி சாக்குல கட்டுறது, எது கிடைக்குதோ அது. மாசக் கடைசியில காசு கையில வந்ததும் முதல்ல எங்க கடைக்குத்தான் வருவாரு. மலாய்லதான் பேசிக்குவோம், என்னைய காக்னு, அதாவது அக்கான்னு, கூப்பிடுவாரு. பேர எழுத மாட்டேன். யூஎன் குடுக்குற அகதிக் கார்ட மட்டும் நம்பி நாள ஓட்டுறவங்களுக்குப் பேர் வெளிய தெரியறது நல்லதில்ல.

அன்னைக்கு மாமா போன நீட்டுனாரு. எங்க தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குரூப்புல வந்த செய்தி. மியன்மார்ல ரோஹிங்யா தீவிரவாதிங்க இந்துக்கள கொன்னு குழியில போட்டுட்டாங்கன்னு, கூடவே ஒரு படம். இந்த மாதிரி சுத்தி வர்றதுல பாதி பொய்யின்னு தெரியும், அதனால உடனே தேடிப் பார்த்தேன். இது பொய் இல்ல. 2017 ஆகஸ்ட் 25, ராக்கைன் மாநிலத்துல மவுங்டாவுக்கு வடக்க கா மவுங் செய்க்னு ஒரு பகுதி, அர்சாங்குற ரோஹிங்யா ஆயுதக் கும்பல் அங்க இருந்த இந்து கிராமத்துல புகுந்து ஆம்பள பொம்பள குழந்தைன்னு பார்க்காம வெட்டிப் போட்டாங்க. மதம் மாறச் சம்மதிச்ச எட்டுப் பொம்பளைங்களையும் அவங்க பிள்ளைங்க எட்டு பேரையும் மட்டும் உயிரோட கூட்டிட்டுப் போனாங்க. அடுத்த மாசம் குழியத் தோண்டி 45 பிணம் எடுத்தாங்க. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2018ல விட்ட அறிக்கையில பக்கத்துல இருந்த இன்னொரு இந்து கிராமத்தையும் சேர்த்து 99 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு சொல்லுது. படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. "பார்த்தியா, இவனுங்களுக்குத்தான் நீ கடன் குடுக்குற"ன்னாரு மாமா. அதுக்கப்புறம்தான் நான் மேல எழுதுன அந்த வார்த்தை.

வேலிய பிரிச்ச நாள்

அந்த நேரம் பார்த்து அந்த ரோஹிங்யாக்காரரே உள்ள வந்தாரு, புக்க உருவி மேசையில வச்சாரு. மாமா ஒளிச்சுப் பேசுற ஆளு இல்ல, நேரா போன அவரு முகத்துக்கு முன்னாடி காட்டி, இது என்னன்னு மலாய்ல கேட்டுட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரு எழுத்த விட்டுட்டு படத்த மட்டும் பார்த்தாரு, வெள்ளைத் துணி மேல வரிசையா கிடத்தியிருந்தத. ரொம்ப நேரம் பார்த்துட்டு, தெரியும்னாரு. "எங்க அக்காவ அந்தப் பக்கம்தான் கட்டிக்குடுத்தோம். அவ கல்யாணத் தோடு செஞ்சது ஒரு இந்து பத்தர். எங்க பேச்சுதான் அவங்களுக்கும். இத செஞ்சவன பிடிச்சு கோர்ட்டுல நிறுத்தணும்." மாமா விடல. "உங்காளு நிறுத்த விடுவானா?" அதுக்கு அவரு சத்தம் போடாமத்தான் சொன்னாரு: "யாரு எங்காளு? அவனுங்க எங்ககிட்ட கேட்டுட்டா செஞ்சானுங்க? ராத்திரி போலீஸ் ஸ்டேஷன அடிச்சிட்டு அவனுங்க காட்டுக்குள்ள ஓடிட்டானுங்க. காலையில பட்டாளம் வந்தது எங்க வீட்டுக்கு."

எனக்கு என்ன தோணுச்சோ, பட்டாளம் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டேன். அந்த ராத்திரிக்கு முன்னாடி யாராவது வந்து சொன்னாங்களாங்கறத நினைச்சுத்தான் கேட்டேன். அவரு சொன்னது வேற. "வேலிய பிரிக்கச் சொன்னப்பவே தெரியும்." அங்க ஒவ்வொரு வீட்டையும் சுத்தி மூங்கில் வேலி கட்டியிருப்பாங்களாம், பொம்பளைங்க குளிக்கிறது சமைக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான். 2016 கடைசியில, முதல் தடவை அர்சா போலீஸ அடிச்ச பிறகு, பட்டாளம் ஊர் ஊரா வந்து எல்லா வேலியையும் பிரிச்சுப்போட சொல்லியிருக்காங்க. வீட்டுல இருக்குற பாராங், கத்தி, கூரா இருக்குற எதையும் விடாம வாங்கிட்டுப் போயிருக்காங்க. அவரு அப்பா கட்டுன வேலிய அவரே நின்னு பிரிச்சாராம். மூங்கில எப்படி கோத்து கட்டுவாங்க, முடிச்ச எந்தப் பக்கம் போடுவாங்கன்னு மேசை மேல ரெண்டு கை விரலையும் பின்னிக் காட்டுனாரு, பழம் பொறுக்கி முள்ளு குத்திக் குத்தி காய்ச்சுப்போன விரலு. அப்புறம் சொன்னாரு, "வேலி போச்சுன்னா ரோட்டுல நிக்கிறவனுக்கு உள்ள எத்தன பேருன்னு எண்ணிரலாம் காக்." மாமா ஒன்னும் பேசல. போன சட்டைப் பையில வச்சாரு, பேப்பருக்குக் காசு வச்சாரு, கிளம்பிட்டாரு.

இத அவரு கற்பனையா சொல்லல, ஐநா மனித உரிமை விசாரணைக் குழு அறிக்கையிலயும் இதே இருக்கு, 2017 ஆகஸ்டுக்கு முன்னாடியே வேலிய எடுக்க வச்சது, கத்தி கடப்பாரைய பறிச்சது எல்லாம். அதுக்கும் முன்னாடி போனா நீளமான வரிசை. 1982 குடியுரிமைச் சட்டத்துல அவங்கள நாட்டுக்காரங்களே இல்லன்னு ஆக்குனது, கல்யாணம் கட்ட பெர்மிட், ரெண்டு பிள்ளைக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு, 2012 கலவரத்துக்கு அப்புறம் சித்வேயில முகாமுக்குள்ள அடைச்சது, பேஸ்புக்ல வருஷக்கணக்கா நாய் பன்னின்னு எழுதுனது. ஒவ்வொன்னும் வெளிச்சத்துலதான் நடந்துச்சு, தூதரகங்களுக்குத் தெரியும், ஐநாவுக்குத் தெரியும், ஆசியான்காரங்களுக்கும் தெரியும். அப்பல்லாம் அது உள்நாட்டு விவகாரம். 2017ல 7 லட்சம் பேருக்கு மேல நாஃப் ஆத்தத் தாண்டி பங்களாதேஷுக்கு ஓடுன பிறகுதான் உலகமே அய்யய்யோன்னுச்சு. முதல் ஒரு மாசத்துல மட்டும் குறைஞ்சது 6,700 பேர் கொல்லப்பட்டிருக்காங்கன்னு எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பு கணக்கு போட்டுச்சு. சிறுபான்மை மக்கள தீவிரவாதிங்களோ பட்டாளமோ கொல்லும்போது உலகம் என்ன செய்யணும்னு கேட்டா, எல்லாரும் குண்டு வெடிச்ச அடுத்த நாள வச்சுத்தான் பதில் சொல்றாங்க, கண்டன அறிக்கை, மெழுகுவர்த்தி, கொடிய பாதிக்கம்பத்துல பறக்க விடுறது. எனக்கு அந்தப் பதில் பத்தல. வேலிய பிரிக்கும்போது என்ன செஞ்சீங்கங்கறதுதான் கேள்வி.

எச்சரிக்கை வந்தும்

2019 ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 21, இலங்கையில தற்கொலைக் குண்டு வெடிச்ச நாள், நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள், 250 பேருக்கு மேல போயிட்டாங்க. மட்டக்களப்புல செத்ததுல நிறைய பேர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைங்க. அன்னைக்கு எங்க மாரியம்மன் கோயில்ல கூட பேர் தெரியாத அந்தப் பிள்ளைங்களுக்காக விளக்கு ஏத்துனாங்க, மாமாவும் வந்தாரு, கண்ணு கலங்கி நின்னாரு. அது தமிழ்ப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சதால வந்த கண்ணீர்னு இப்ப யோசிச்சா புரியுது. அதுல தப்பில்ல. தன் ரத்தம்னா துடிக்கத்தான் செய்யும்.

ஆனா அந்தக் கதையோட முன்பக்கத்த பாருங்க. குண்டு வச்ச கும்பலோட தலைவன் சஹ்ரானப் பத்தி முதல்ல புகார் சொன்னது யாரு? காத்தான்குடி முஸ்லீம்கள்தான். அங்க இருக்குற சூஃபி வழிக்காரங்கள அவன் ஆளுங்க 2017 மார்ச்சுலயே அடிச்சிருக்காங்க, அதுக்கப்புறம்தான் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பர்ல மாவனெல்லயில புத்தர் சிலைகள உடைச்சாங்க. 2019 ஜனவரியில வனாத்தவில்லுல ஒரு தென்னந்தோப்புல வெடிமருந்து பிடிபட்டுச்சு. ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறையிலருந்து எச்சரிக்கை போயிருச்சு, ஏப்ரல் 11ல போலீசுக்குள்ளயே கடுதாசி சுத்துச்சு. தேவாலயத்துல பூசைக்கு வந்த சனங்களுக்கு மட்டும் யாரும் சொல்லல. ஜனாதிபதியும் பிரதமரும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்காம இருந்த நேரம் அது. இத வெறும் கவனக்குறைவுன்னு சொல்லி விட்டுடுறது எனக்கு சம்மதமில்ல. அங்க உள்ள உச்ச நீதிமன்றமும் விடல. 2023 ஜனவரியில தீர்ப்பு சொன்னாங்க, மக்களோட அடிப்படை உரிமைய காப்பாத்தத் தவறிட்டீங்கன்னு முன்னாள் ஜனாதிபதி சிறிசேன சொந்தக் கையிலருந்து 10 கோடி ரூபா கட்டணும், போலீஸ் தலைவர், உளவுத்துறை தலைவர் எல்லாரும் கட்டணும்னு. குண்டு வச்சவன மட்டும் இல்ல, தெரிஞ்சும் கைய கட்டிக்கிட்டு இருந்தவன கூண்டுல ஏத்துன தீர்ப்பு அது. எல்லா நாட்டுலயும் இந்த மாதிரி ஒரு வழி இருக்கணும்னு நான் கேட்குறேன். எச்சரிக்கைய ஃபைல்ல வச்சு மூடுனவன் சொத்துல கை வச்சாத்தான் அடுத்த ஃபைல் திறக்கும்.

அதே இலங்கையில அடுத்த மாசமே, மே 12, 13, 14ல, குருநாகல், மினுவாங்கொடை பக்கம் முஸ்லீம் கடைங்க, பள்ளிவாசல்ங்கள அடிச்சு நொறுக்குனாங்க. நாத்தாண்டிய பக்கம் ஒரு மனுஷன அவரு வீட்டுலயே வச்சு வெட்டிக் கொன்னாங்க, அவருக்கும் சஹ்ரானுக்கும் என்ன சம்பந்தம், ஒன்னும் கிடையாது. அந்த மனுஷனுக்கு எங்க ஊர்ல யாரும் விளக்கு ஏத்தல. மட்டக்களப்புப் பிள்ளைங்க மாதிரியே அவரும் தன் ஊர்ல ஆள் கம்மியா இருக்குற மதத்துல பொறந்த ஒரே காரணத்துக்காக செத்தவரு. தீவிரவாதிக்கு என்ன வேணும்? நடுவுல நிக்கிறவன் இல்லாம போகணும், எல்லாரும் அவங்கவங்க பக்கம் ஓடிப்போய் நின்னுக்கணும். அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்கன்னு நாம ஒதுங்குற அன்னைக்கு அவன் பாதி வேலைய நாமே முடிச்சுக் குடுத்துடுறோம்.

நியூசிலாந்தப் பத்தியும் ஒன்னு சொல்லணும். அதே 2019, மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு பள்ளிவாசல்ல 51 பேர ஒரு வெள்ளைக்கார வெறியன் சுட்டுக் கொன்னான், அதுல மலேசியப் பையன் ஒருத்தனும் உண்டு. பிரதமர் ஆர்டர்ன் முக்காடு போட்டுக்கிட்டு ஆறுதல் சொன்ன படம்தான் எல்லாருக்கும் ஞாபகம். எனக்கு அதவிட பெருசா தெரியறது ஒரு மாசத்துக்குள்ள துப்பாக்கிச் சட்டத்த மாத்துனது, மே மாசம் பாரிஸ்ல பேஸ்புக், கூகுள் மாதிரி கம்பெனிகளையும் நாடுகளையும் உக்கார வச்சு இந்த மாதிரி வீடியோவ பரவவிடாம செய்யணும்னு வாக்கு வாங்குனது, எங்க கோட்டை விட்டோம்னு ராயல் கமிஷன் போட்டு அறிக்கைய வெளியவே விட்டது. கண்ணீரும் இருந்துச்சு, காரியமும் இருந்துச்சு.

அழ ஆளில்லாதவங்க

மாமா சொன்ன கணக்குப்படியே உலகம் நடக்குதுன்னு வச்சுக்குவோம். முஸ்லீமுக்கு முஸ்லீம் நாடுகள், கிறிஸ்தவனுக்கு மேல்நாடு, இந்துவுக்கு இந்தியா. அப்ப யசீதிக்கு, ஈராக்ல தனி மதம் வச்சிருக்குற அந்தச் சின்னக் கூட்டத்துக்கு, யாரு? யசீதிங்களுக்குன்னு உலகத்துல ஒரு நாடும் கிடையாது. 2014 ஆகஸ்ட் 3ல ஐஎஸ் கும்பல் ஈராக்ல சிஞ்சார் மலையடிவாரத்துக்குள்ள புகுந்துச்சு. மலைமேல ஓடுன ஆயிரக்கணக்கான பேருக்கு அமெரிக்க விமானம் சாப்பாடு தண்ணி போட்டுச்சு, குர்து படைங்க வழிய திறந்து விட்டுச்சு, அதுல நிறைய உயிர் தப்புச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோச்சோன்னு ஒரு கிராமம், அத சுத்தி வளைச்சு ரெண்டு வாரம் போல வச்சிருந்தாங்க. உள்ள இருந்தவங்க போன் போட்டு கெஞ்சியிருக்காங்க, வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க மந்திரி தந்திரி எல்லார் கதவையும் தட்டியிருக்காங்க. ஆகஸ்ட் 15ல எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி ஆம்பளைங்கள வெளிய கொண்டுபோய் சுட்டாங்க, பொம்பளப் பிள்ளைங்கள சந்தையில வித்தாங்க. நோபல் பரிசு வாங்குன நாதியா முராத் அந்த ஊர்க்காரி. அம்மாவையும் ஆறு சகோதரங்களையும் பறிகுடுத்தவ. ரெண்டு வாரம்! உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு ரெண்டு வாரம். இத எப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்குறதில்ல.

அகமதியாக்காரங்க, தங்கள முஸ்லீம்னு சொல்லிக்கிற பாகிஸ்தான் சிறுபான்மைப் பிரிவு, இன்னொரு கதை. 2010 மே 28, லாகூர்ல வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல அவங்களோட ரெண்டு பள்ளிவாசல்ல புகுந்து 80 பேருக்கு மேல கொன்னாங்க. அவங்கள முஸ்லீம்னே ஒத்துக்கமாட்டோம்னு சட்டம் போட்டு வச்சிருக்குற நாட்டுல, அவங்களுக்கு யாரு மாரடிக்கிறது? இந்தியாவுல 2008ல ஒடிசா கந்தமால்ல ஒரு சாமியார் கொலைய சாக்கா வச்சு ஆதிவாசி, தலித் கிறிஸ்தவங்க வீடுகள ஆயிரக்கணக்குல கொளுத்துனாங்க, நம்ம சாமி பேர சொல்லிக்கிட்டு. இத எழுதுனா குரூப்புல நாலு பேருக்குக் கோவம் வரும், வரட்டும். கா மவுங் செய்க்ல செத்த இந்துக்களுக்காக நான் பேசணும்னா கந்தமாலுக்கும் பேசித்தான் ஆகணும், இல்லன்னா ரெண்டுக்கும் பேச எனக்கு யோக்கியதை இல்ல.

மாமா கேட்ட கேள்விய ஒரு தடவை பெரிய கோர்ட்டுலயே கேட்டிருக்காங்கன்னு பிறகு படிச்சப்போதான் எனக்குத் தெளிவாச்சு. காம்பியா, ஆப்பிரிக்காவோட மேற்கு ஓரத்துல ஒரு துண்டு நாடு, ஜனத்தொகையில நம்ம சிலாங்கூர்ல பாதிகூட வராது. 2019 நவம்பர்ல அது மியன்மார் மேல இனப்படுகொலை வழக்கு போட்டுச்சு, ஹேக்ல இருக்குற சர்வதேச நீதிமன்றத்துல. அப்ப அவங்க நீதி அமைச்சரா இருந்த அபூபக்கர் தம்பாடு அதுக்கு முன்னாடி ருவாண்டா படுகொலை விசாரிச்ச நீதிமன்றத்துல வேலை பார்த்தவரு, காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய் அங்க உள்ளவங்க சொன்னத நேர்ல கேட்டவரு. மியன்மார் என்ன வாதம் வச்சாங்க தெரியுமா? உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், உன் நாட்டுக்கு என்ன பாதிப்பு, நீ யாரு வழக்கு போடன்னு. 2022 ஜூலை 22ல நீதிமன்றம் அந்த வாதத்த தள்ளிருச்சு. இனப்படுகொலை தடுப்பு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட எந்த நாடும் கேட்கலாம், தனக்குத் தனியா பாதிப்பு இருக்கணும்னு அவசியமில்லன்னு சொல்லிருச்சு. காம்பியா முஸ்லீம் நாடுதானே, இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பு பின்னாடி நின்னுச்சுதானேன்னு மாமா கேட்டாரு, நியாயம்தான். ஆனா தீர்ப்புல மதமே வரல, அடுத்த வருஷம் கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, டென்மார்க் எல்லாம் உள்ள வந்தாங்க. நம்ம மலேசியாவும் அந்த ஒப்பந்தத்துல இருக்குற நாடுதான். நாமளும் இதுல வாயத் திறந்திருக்கலாம்.

யசீதிங்களுக்கும் ஒரு கதவு திறந்துச்சு, அது ஜெர்மனியில. 2021 நவம்பர் 30, பிராங்பேர்ட் நீதிமன்றம் ஒரு ஐஎஸ்காரனுக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அவன் ஈராக்காரன், பிடிபட்டது கிரீஸ்ல, குற்றம் நடந்தது ஃபலூஜாவுல. அடிமையா வாங்கிட்டு வந்த அஞ்சு வயசு யசீதிப் பிள்ளைய கொளுத்துற வெயில்ல ஜன்னல் கம்பியில கட்டிப்போட்டு சாகவிட்டான். பெத்தவ கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னா. யசீதிங்களுக்கு நடந்தது இனப்படுகொலைன்னு ஒரு நீதிமன்றம் தண்டிச்சது அதுதான் முதல் தடவை. ஜெர்மன்காரங்களுக்கு அந்தப் பிள்ளை என்ன உறவு? இந்த மாதிரி வழக்கு நடக்கணும்னா குழி, எலும்பு, போன் பதிவு, சாட்சி எல்லாத்தையும் யாராவது உக்காந்து சேர்க்கணும். அதுக்குத்தான் 2017ல ஐநா பாதுகாப்பு சபை ஈராக்குக்குன்னு ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு. 2024 செப்டம்பர்ல அதையும் மூடிட்டாங்க. வேலை முடிஞ்சு மூடல, ஈராக் அரசாங்கம் போதும்னுச்சு, மூடிட்டாங்க.

1978

இவ்வளவும் தூரத்துக் கதை மாதிரி இருக்கும், ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு இது தெரியாத விஷயமில்ல. 1977, 78ல நாட்டுல பல இடத்துல ராத்திரியில வந்து கோயில் சிலைகள உடைச்சாங்க. ஒவ்வொரு தோட்டத்துலயும் ஆம்பளைங்க கம்பு எடுத்துக்கிட்டு கோயில்ல படுத்தாங்க. 1978 ஆகஸ்ட்ல இங்க கெர்லிங் சுப்பிரமணியர் கோயில்ல உடைக்க வந்தவங்களுக்கும் காவல் இருந்தவங்களுக்கும் மோதல் ஆகி, வந்தவங்கள்ல நாலு பேர் செத்துப்போனாங்க. காவல் இருந்தவங்க மேல வழக்கு நடந்துச்சு. எங்க அப்பாவும் மாமாவும் அப்ப எளவட்டம், அவங்க தோட்டத்துக் கோயில்ல முறை போட்டு ராத்திரி முழிச்சிருந்தவங்க, பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடுற இடத்துக்கு) விடியக்காலையில தூங்காத கண்ணோட போய் நிப்பாங்களாம். இந்தக் கதைய சொல்லும்போது அப்பா ஒரு தடவைகூட பெருமையா சொன்னதில்ல. செத்தவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்க, படிக்க வேண்டிய வயசுல யாரோ மண்டையில எதையோ ஏத்தி அனுப்பிட்டாங்கம்பாரு. முதல் கோயில்ல முதல் சிலை உடைஞ்ச அன்னைக்கே அத ஒரு சில்லறைக் குறும்பா பார்க்காம முழுசா விசாரிச்சிருந்தா கெர்லிங் வரைக்கும் வந்திருக்குமான்னுதான் அவரு கேட்பாரு. அரசாங்கம் நேரத்துக்கு வரலைன்னா சனங்க கம்பத் தூக்கும். கம்பத் தூக்குன பிறகு நியாயம் யார் பக்கம்னாலும் பிணம் விழும்.

நேரத்துக்கு வந்த கதையும் நம்மகிட்ட இருக்கு. 2019 மே மாசம் நம்ம போலீஸ் நாலு பேர பிடிச்சதா அறிவிச்சாங்க. 2018ல நடந்த சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரத்துல அடிபட்டு இறந்த முகமட் அடிப்ங்கற தீயணைப்பு வீரருக்காகப் பழிவாங்குறோம்னு சொல்லி கிள்ளான் பள்ளத்தாக்குல தேவாலயம், கோயில்ங்கள அடிக்கத் திட்டம் போட்ட ஐஎஸ் ஆதரவுக் கும்பல். ஒன்னும் நடக்கல, அதனால இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. அந்த நாலு பேர்ல ஒருத்தன் மலேசியக்காரன், ஒருத்தன் இந்தோனேசியக்காரன், ரெண்டு பேர் ரோஹிங்யா. மாமா மறுநாள் அதையும் தேடிக் கண்டுபிடிச்சு எனக்குக் காட்டுனாரு. உண்மைதான் மாமா, ரெண்டு பேர். ஒரு லட்சத்துக்கும் மேல இருக்குற கூட்டத்துல ரெண்டு பேர், அந்த ரெண்டு பேர போலீஸ் பிடிச்சிருச்சு. அந்த ரெண்டு பேருக்காக என் கடையில மீன் படம் போட்ட புக்க நான் கிழிக்கணுமா? அப்ப 1978ல நம்ம ஆளுங்க எல்லாருமே கொலைகாரங்கன்னு ஒருத்தன் சொன்னா அதையும் ஒத்துக்கணுமே. இதுக்கு மாமா, "அது வேற இது வேற"ன்னாரு. எப்படி வேறன்னு இன்னும் சொல்லல. இருந்தாலும் நம்ம ஆள மொதல்ல பார்க்கணும்மா, நமக்கே இங்க ஆயிரம் பிரச்சினைங்கறாரு. அதுல பாதி எனக்கும் சம்மதம், நம்ம பிரச்சினை ஆயிரம் உண்டு. ஆனா இந்த நாட்டுல நாமளே ஆள் கம்மியானவங்க. நமக்கு ஒன்னுன்னா அழுறதுக்கு நம்ம ஆளு மட்டும் போதாது. மலாய்க்காரனும் சீனனும் டெல்லியில இருக்குறவனும் ஜெனிவாவுல இருக்குறவனும் உனக்கென்ன சம்பந்தம்னு திருப்பிக் கேட்காம நமக்காக வாயத் திறக்கணும்னா, அந்த விதிய நாமளும் மத்தவங்களுக்குக் காப்பாத்தணும்.

நம்ம நாடு

காஸாவுக்கும் ரோஹிங்யாவுக்கும் மேடை போட்டுப் பேசுறதுல நம்ம தலைவருங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல, அத நான் மதிக்கிறேன், பேசாத நாடுகளுக்கு அது மேல். ஆனா 2020ல கொரோனா நேரத்துல அதே ரோஹிங்யா படகுங்கள கடல்லயே திருப்பி விட்டோம். நெட்டு முழுக்க அவங்கள விரட்டுங்கன்னு எழுதுனாங்க, எழுதுனவங்கள்ல அவங்க மதக்காரங்களே நிறைய பேர். அதான் சொல்றேன், ஒரே மதம்கறதும் கடைசி வரைக்கும் கைகுடுக்காது, சட்டம்தான் கைகுடுக்கும். 1951 அகதிகள் ஒப்பந்தத்துல நாம இன்னும் சேரல. யூஎன் கார்டு வச்சிருக்குறவருக்கு வேலை செய்ய உரிமை இல்ல, அதனால காண்ட்ராக்டர் பேசுன கூலிய பாதியா குறைச்சாலும் அவரு போய் கேட்க இடமில்ல. அவரு மக அரசாங்கப் பள்ளியில சேர முடியாது. எங்க கடைக்கு வரும்போது சாமான் பொட்டலத்துல இருக்குற எழுத்த எல்லாம் ஒவ்வொன்னா காட்டி இது என்ன எழுத்துன்னு கேட்குது, மலாய், தமிழ், சீனம் எதையும் விடறதில்ல. நான் மத்தியானம் கடை ஓய்ஞ்ச நேரத்துல கொஞ்சம் சொல்லிக் குடுக்குறேன். பள்ளிக்கூடம் செய்ய வேண்டியத ஒரு சாமான் கடை செஞ்சு முடிக்காது.

தீவிரவாதத்துக்குப் பதில் குண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க, சிஞ்சார்ல விமானம் வராம இருந்திருந்தா மலைமேலயே செத்திருப்பாங்க, அதனால பட்டாளமே வேணாம்னு நான் சொல்லல. ஆனா விமானம் வந்து நிக்கிறதுக்கு முன்னாடி பத்து வருஷம் செய்ய வேண்டிய வேலை கிடக்கு. குடியுரிமைய பறிக்கிற சட்டம் வந்த அன்னைக்கே வியாபாரத்த நிறுத்துறது, ஒரு கூட்டத்த நாய்னு எழுதுற பக்கத்த அந்தந்த பாஷை தெரிஞ்ச ஆள வச்சு எடுக்கச் சொல்லி கம்பெனிய நெருக்குறது, சாட்சிய சேர்த்து வைக்கிற குழுவுக்கு காசு குடுத்து மூடவிடாம பார்த்துக்கறது, தப்பிச்சு வர்றவனுக்கு கதவத் திறந்து வேலையும் பள்ளிக்கூடமும் குடுக்குறது. இதுல எதுவும் டிவியில காட்டுற மாதிரி இருக்காது. செத்த எண்ணிக்கை வந்தாத்தான் செய்தின்னு இருக்குற வரைக்கும் இதுக்கு ஓட்டும் விழாது, அதனால சனங்கதான் கேட்டு வாங்கணும்.

2025ல ஆசியானுக்கு மலேசியாதான் தலைமை. மியன்மாரப் பத்தி நிறைய பேசுனாங்க, போர் நிறுத்தம், தேர்தல்னு. ரோஹிங்யாவுக்குத் திரும்பக் குடியுரிமை குடுன்னு எவ்வளவு அழுத்தமா கேட்டாங்கன்னு எனக்கு ஒரு பதில் வேணும். எங்க கோயில் திருவிழாவுக்கு எங்க தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வந்தா மாலை போட்டு முன்வரிசையில உக்கார வைப்பாங்க, பேச்சு முடிஞ்சதும் அரை மணி நேரம் சனங்கள பார்ப்பாங்க. ரோடு, சாக்கடை, குடியுரிமைக்கான நீலக் கார்டுன்னு மனு குடுப்போம். இந்தத் தடவை நான் எழுதி வச்சிருக்குற மனுவுல மூணு விஷயம் இருக்கு: யூஎன் கார்டு வச்சிருக்குறவங்களுக்கு சட்டப்படி வேலை, அவங்க பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், ஹேக் வழக்குல மலேசியாவும் போய் நிக்கிறது. கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாச்சு. மேல் வீட்டு சீன ஆன்ட்டி போட்டாங்க, ரொட்டி போடுற மாமாக் (இந்திய முஸ்லீம்) தம்பி போட்டாரு, கோயில் கமிட்டியில பாதி பேர் போட்டாங்க, மீதி பேர் யோசிச்சு சொல்றேன்னாங்க. லோரிக்கார மாமா தாள முழுசா ரெண்டு தடவை படிச்சாரு. கா மவுங் செய்க்ல செத்த இந்துக்கள் பேருலயும் நீதி கேட்கணும்னு ஒரு வரி சேர்த்தா போடுறேன்னாரு. அது ரொம்ப சரியான கேள்வி, சேர்த்துட்டேன். எம்பி என்ன சொல்றாருன்னு பார்த்துட்டு எழுதுறேன்.